நீர்ப்பிரம்மிக்கு ஒரு பொய்ச்சாட்சி

பருத்திப்பட்டு ஏரி நிரம்பி வழிந்த ஒரு மழைக்காலத்தில், விரால் மீன் ஒன்று கரையேறி, ஆவடி ஸ்டேஷன் வரைக்கும் ஊர்ந்தே போய், ரயில் பிடித்து நெமிலிச்சேரியில் இறங்கிக்கொண்டதை வேம்புலி தன் இரண்டு கண்ணாலும் பார்த்திருக்கிறார். அது டிக்கெட் எடுத்ததா என்று யாராவது மடக்கினால், "ஜோபி இல்லாத ஜென்மம், டிக்கெட்ட எங்க வெச்சிக்கும்? நீயே சொல்லு" என்பார். முகத்தில் ஒரு சுருக்கம் அசையாது. காலையில் ஏரிக்கரையில் நடக்க வருகிறவர்களில் பாதிப் பேர் உடம்பு இளைக்க வருகிறார்கள். மீதிப் பேர் வேம்புலியைக் கேட்க வருகிறார்கள். இரண்டாவது கூட்டத்துக்கு உடம்பு இளைத்ததே இல்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்பு கடையும் லேத்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் அப்பா அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர். லேத்தில் கற்ற கணக்கையே வேம்புலி பொய்க்கும் வைத்திருந்தார்.

"பொய்யிலயும் ஒரு அளவு கீது மாமே," என்பார். "யாரு வயித்துலயும் அடிக்கக் கூடாது, யாரும் நம்பவும் கூடாது. இந்த ரெண்டும் கரீட்டா இருந்தா அது பொய்யே இல்ல. கத."

இந்தச் சட்டத்தை அவரே மீறினார். மீறியது அவர் மனைவி சொர்ணத்தின் விஷயத்தில்.

சொர்ணத்தின் குழம்பில் முதலில் உப்பு இரண்டு தடவை விழுந்தது. பிறகு உப்பே விழவில்லை. அதற்கும் பிறகு, மாவு மில்லுக்குப் போனவள் வெறும் கையோடு திரும்பி, தன் வீட்டு வாசலிலேயே நின்று, உள்ளே போகலாமா வேண்டாமா என்று யோசித்தாள். எதிர்வீட்டுத் தாயம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னோட சண்ட. உள்ள வர மாட்டேன்னு நிக்கிறா," என்று வேம்புலி உடனே ஒரு சண்டையை உண்டாக்கினார். பெண்சாதி கோபித்துக்கொண்டாள் என்றால் தெரு சிரிக்கும். பெண்சாதிக்குப் புத்தி கலங்குகிறது என்றால் தெரு கதவுக்குப் பின்னால் போய்ப் பேசும். அதை அவரால் தாங்க முடியாது.

அப்போதுதான் ஏரிப் பூங்காவில் ஒரு டாக்டர் பெண் மேசை போட்டு உட்கார்ந்திருந்தாள். பெயர் கவிப்பிரியா. நசரத்பேட்டையில் ஒரு ஆராய்ச்சி மையம். வயதானவர்களுக்கு வரும் லேசான மறதிக்கு ஒரு செடியின் சத்தைக் கேப்சூலாக்கிக் கொடுத்துப் பார்க்கிறார்களாம்.

வேம்புலி மற்றவர்கள் கலையும் வரை காத்திருந்து கிட்டே போனார்.

"வல்லாரதானே டாக்டரம்மா?"

"இல்லைங்க ஐயா, நீர்ப்பிரம்மி. வடக்கே ரெண்டையுமே பிரம்மின்னு சொல்றதால எல்லாரும் குழம்புறாங்க. இது ஈரத்துல படரும். குட்டிக் குட்டியா, தடிச்ச இலை. வெள்ளைப் பூ."

"அட, அதுவா! நாத்து நடப் போறப்போ வரப்புல மிதிச்சிகினே போவோம். அதான் என் காலு எந்த வழியையும் மறக்கறதில்ல."

கவிப்பிரியா சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு நேர்மையாகச் சொன்னாள். சின்னச் சின்ன ஆய்வுகளில் கொஞ்சம் பலன் தெரிந்திருக்கிறது, நிச்சயமில்லை, அதனால்தான் இந்தப் பரிசோதனை. வருகிறவர்களில் பாதிப் பேருக்குச் செடியின் சத்து, பாதிப் பேருக்கு வெறும் பொடி. யாருக்கு எது என்று அவளுக்கே தெரியாது.

"உனுக்கே தெரியாதா? அப்ப நாம ரெண்டு பேரும் ஒரே படிப்புதான்."

"இன்னொண்ணு ஐயா. கூட இருக்கிறவங்க மாசாமாசம் வந்து, வீட்ல எப்படி இருக்காங்கன்னு சொல்லணும். இங்க பரீட்சையில தெரியாதது வீட்லதான் தெரியும். உங்க வார்த்தையைத்தான் நாங்க நம்பணும்."

வேம்புலியின் வார்த்தையை நம்புகிறேன் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. அவருக்குக் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது.

தெருவில் முட்டி வலிக்கு வைத்தியம் என்று சொல்லிவிட்டு, சொர்ணத்தைக் கூட்டிக்கொண்டு நசரத்பேட்டைக்குப் போனார். இல்லாத முட்டி வலிக்காகத் தெரு முனை வரை நொண்டிக்கொண்டே நடந்தார்.

முதல் நாள் பரீட்சையில் சொர்ணம் கிழமையைச் சொன்னாள். மாதத்துக்குப் பொங்கல் போய்விட்டதா என்று திருப்பிக் கேட்டாள். பொம்மைகளைப் பார்த்துப் பூனை, சாவி, குடை என்றாள். அடுத்து கவிப்பிரியா கேட்டாள்:

"உங்க வீட்டுக்காரர் பேர் என்னம்மா?"

சொர்ணம் தலையைக் குனிந்து சிரித்தாள்.

"அது வராது டாக்டரம்மா," என்று வேம்புலி குறுக்கே புகுந்தார். "கண்ணாலம் ஆன நாள்லருந்து என் பேர அவ வாயால சொன்னதே கெடையாது. எங்க பக்கத்துல புருசன் பேர சொல்ல மாட்டாங்க."

"அப்போ ரேஷன் கடையில எல்லாம் கேட்டா?"

"வேப்ப மரத்தக் காட்டுவா. அப்பறம் ரெண்டு கையையும் தூக்கி, நகத்த விரிச்சி, புலி மாதிரி ஒரு உறுமு உறுமுவா. வேம்பு, புலி. ரேஷன் கடக்காரன் பயந்துபோயி அந்த மாசம் சக்கரைய எடை கொறைக்காம போட்டான்."

கவிப்பிரியா வாய்விட்டுச் சிரித்து, அந்தக் கேள்விக்கு நேராக 'வழக்கம்' என்று குறித்துக்கொண்டாள்.

சொர்ணமும் கூடவே சிரித்தாள். ஆனால் ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்ப மரம் நின்றிருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. கையைத் தூக்கவில்லை. வெட்கப்பட்டுச் சிரிக்கிற சிரிப்புக்கும், கேட்டது என்னவென்று புரியாமல் சிரிக்கிற சிரிப்புக்கும் உள்ள வித்தியாசம் அந்த அறையில் ஒரே ஒரு ஆளுக்குத் தெரியும். அந்த ஆள் வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு மாதாமாதம் வேம்புலி சாட்சி சொன்னார். அடுப்பை அணைக்கிறார்களா? அணைத்துவிட்டுப் பக்கத்து வீட்டு அடுப்பையும் பார்த்து வருகிறாள். பழசு ஏதாவது நினைவுபடுத்திச் சொல்கிறார்களா? "பொண்ணு பாக்க வந்தப்போ நான் போட்டிருந்த சட்ட கலர சொல்லிட்டா டாக்டரம்மா. எனுக்கே மறந்து போச்சு. அவ சொன்னதுக்கப்பறம்தான், ஆமா, அது இரவல் சட்டைன்னு ஞாபகம் வந்துது." கவிப்பிரியாவின் பேனா சந்தோஷமாக ஓடியது. டாக்டர் பெண்ணின் முகம் மலர்கிறபோதெல்லாம் வேம்புலிக்கு ஏரிக்கரையில் நிற்கிற மாதிரியே இருந்தது. அங்கே யாரும் அவரை நம்புவதில்லை, இங்கே நம்புகிறார்கள் என்கிற ஒரு வித்தியாசத்தை மட்டும் அவர் வசதியாகக் கண்டுகொள்ளவில்லை.

அவரும் செடி வேலை செய்ய வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டார். காலையில் கேப்சூலைக் கொடுத்துவிட்டு, விதை போட்டவன் மண்ணைப் பார்ப்பதுபோல் சொர்ணத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் காலையில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து சாம்பார் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். சொர்ணம் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கொஞ்சம் தள்ளியே நின்றாள். முந்தானையை இழுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள்.

"அண்ணாத்தே, ரொம்ப நேரமா குந்திகினு கீறீங்க. எங்க வூட்டுக்காரரு வேலைக்குப் போயிருக்காரு. சாயங்காலமா வாங்க."

விளையாடுகிறாள் என்று நினைத்தார். அவளும் ஒரு காலத்தில் அவருக்கு ஈடாக விளையாடியவள்தான்.

"யாரும்மா உங்க வூட்டுக்காரரு?"

"வேம்புலி," என்றாள். "எஸ்டேட்ல லேத்து ஓட்றாரு. கேட்டா யாரும் சொல்லுவாங்க."

மரத்தைக் காட்டவில்லை, உறுமவில்லை. பால்காரன் பெயரைச் சொல்வதுபோல் சொன்னாள். அந்த வாயிலிருந்து தன் பெயர் வர வேண்டும் என்று கல்யாணமான புதிதில் வேம்புலி என்னென்னவோ வேடிக்கை செய்து பார்த்திருக்கிறார். கிச்சுகிச்சு மூட்டியிருக்கிறார், கொழுக்கட்டையை ஒளித்து வைத்திருக்கிறார். வரவே வராத பெயர் இப்போது வந்தது, அவர் யார் என்பதே மறந்த பிறகு. கை வெங்காயத்தில் இருந்ததால் கண் எரிந்ததற்குக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை.

"சரிம்மா. சாயங்காலமா வரேன்," என்று எழுந்தார். தன் செருப்பைத் தானே திருடுகிறவன்போல் சத்தமில்லாமல் மாட்டிக்கொண்டு வெளியே வந்து, வாசலுக்கு எதிரே கதவைப் பார்த்தபடி பொழுதெல்லாம் நின்றார். தாயம்மாள் கேட்டதற்கு, "சண்ட," என்றார். சாயங்காலம் வேலை முடிந்தவர்போல் உள்ளே போனார்.

"யாரோ ஒரு ஆளு உங்கள தேடிகினு வந்துது," என்றாள் சொர்ணம்.

"யாரு?"

"தெரில. பாத்தா நல்ல ஆளு மாதிரிதான் கீது. ஆனா திருட்டு முழி."

அந்த மாதம் கவிப்பிரியாவின் முன்னால் உட்கார்ந்தபோது, வீட்டில் உள்ளவர்களை அடையாளம் தெரிகிறதா என்ற கேள்வி வந்தது. உண்மை வேம்புலியின் தொண்டை வரைக்கும் ஏறி வந்தது. தெருவில் நாலு பேர், ஏரிக்கரையில் நாற்பது பேர், 'பொண்டாட்டிக்கே அடையாளம் தெரியாத ஆளு' என்று அவர்கள் பேசப்போவது எல்லாம் கண்ணில் ஓடியது. உண்மை இறங்கிப் போய்விட்டது.

"அடையாளமா? நாலு தெரு தள்ளி வரவங்களையே நடைய வெச்சி சொல்லிடறா," என்றார்.

வெளியே கூடத்தில் ராஜகுமாரி உட்கார்ந்திருந்தாள். திருச்சிப் பக்கத்துக்காரி, மகனோடு பூந்தமல்லி அடுக்குமாடியில் இருக்கிறாள். அவள் கணவர் ஜெயராமன் பேங்க்கில் வேலை பார்த்தவர். அவரும் இதே பரிசோதனையில்தான் இருந்தார். அந்த அம்மாளைக் கண்டாலே வேம்புலிக்கு ஆகாது. புருசன் பேரைச் சொல்வதோடு நிற்க மாட்டாள். புருசன் செய்வதையும் சொல்வாள், அதுவும் கூடம் முழுக்கக் கேட்கும்படி.

"நேத்து ஜெயராமன் ஷேவிங் க்ரீமை எடுத்துப் பல் தேய்ச்சிட்டார். கேட்டா நுரை நல்லா வருதுங்கறார்!"

ஜெயராமனும் அதற்குச் சிரித்தார். வேம்புலிதான் வெட்கப்பட்டுக் காலண்டரைப் பார்த்தார். என்ன மானங்கெட்ட பொம்பளை என்று நினைத்துக்கொண்டார்.

"அண்ணா, சொர்ணம் அக்காவுக்கு எப்படி இருக்கு?"

'அப்படியேதான் கீது' என்று சொல்லியிருந்தால் போதும். ஆனால் கூடத்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நாலு பேர் திரும்பினால் வேம்புலியின் நாக்கு தானாகக் கிளம்பிவிடும்.

"அவளா? பிராட்வேலருந்து பூந்தமல்லி வரைக்கும் ஒரு ஸ்டாப்பு விடாம சொல்றா. திருப்பியும் சொல்றா. போன வாரம் கண்டக்டரு வண்டிய நிறுத்தி, எறங்கி, இவள கும்புட்டுட்டுப் போனாரு."

ஏரிக்கரையாக இருந்தால் கண்டக்டர் இறங்குகிற இடத்தில் சிரிப்பு கிளம்பியிருக்கும். ராஜகுமாரிக்கு எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று தெரியவில்லை. அவள் கண் நிறைந்துவிட்டது.

"அப்போ எங்களுக்குக் கிடைச்சது வெறும் பொடிதான்," என்றாள். நாற்காலியை நகர்த்திக்கொண்டு கிட்டே வந்தாள். முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தினாள். "அண்ணா, தப்புதான். ஆனா கேக்கறேன். இன்னிக்கு வாங்கின உங்க கேப்சூல் பாட்டிலை எங்களுக்குக் குடுங்க. எங்களோடதை நீங்க வெச்சுக்குங்க. ஒரே ஒரு மாசம். அக்காவுக்குத்தான் நல்லாயிடுச்சே."

அக்காவுக்குத்தான் நல்லாகிவிட்டதே. தான் கட்டிய வீட்டுக்குள் தானே நின்றுகொண்டு கதவு வைக்க மறந்துவிட்ட கொத்தனாராகிவிட்டார் வேம்புலி. மஞ்சள் பையைத் திறந்தார். பாட்டில் போனது, பாட்டில் வந்தது. ராஜகுமாரி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க நல்லா இருக்கணும்," என்றாள். கூடத்தின் அந்த மூலையில் சொர்ணமும் ஜெயராமனும் காலண்டரில் இருக்கும் பிள்ளையார் யாருடைய பிள்ளை என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு எண் ஒட்டியிருந்தது. அது எதற்கு என்று இருவருக்குமே தெரியவில்லை. அடுத்த மாதம் காலிப் பாட்டில்களைத் திருப்பிக் கொடுத்தபோது தெரிந்தது.

கவிப்பிரியா இரண்டு பாட்டில்களையும் கையில் வைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். அவள் முகத்தில் கோபம்கூட இல்லை, பயம்தான் இருந்தது.

"இது எப்படி மாறிச்சு?"

வேம்புலி நாக்கைத் தேடினார். அது இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

"நான்தான் டாக்டர்," என்று ராஜகுமாரி எழுந்தாள். "அவருக்குத் தெரியாது. அவர் தண்ணி குடிக்கப் போயிருந்தார். பையில இருந்து நானே எடுத்துட்டேன்."

வேம்புலி தன் வாழ்நாளில் எத்தனையோ பொய்களைக் கேட்டிருக்கிறார். இவ்வளவு மட்டமான வேலைப்பாட்டைக் கண்டதில்லை. குரல் நடுங்குகிறது, கை புடவை நுனியை முறுக்குகிறது, தண்ணீர் டிரம்மோ வேம்புலியின் நாற்காலிக்கு ஒட்டியே இருக்கிறது. எவனும் நம்ப மாட்டான். கவிப்பிரியா நம்பினாள்.

"ஜெயராமன் சாரை இனிமே இதுல வெச்சுக்க முடியாதும்மா," என்றாள். "மேலே எழுதியாகணும். நீங்க செஞ்சது பெரிய தப்பு. வேம்புலி ஐயா எவ்வளவு ஒழுங்கா வந்து சொல்றாங்க, பாருங்க."

ராஜகுமாரி தலையைக் குனிந்துகொண்டாள். ஜெயராமன் எழுந்து, யாருக்காக என்று தெரியாமலே, "மன்னிச்சிடுங்க," என்றார்.

வேம்புலியின் காதுமடல் தீப்பிடித்ததுபோல் எரிந்தது. பட்டறையில் ஒரு தடவை இரும்புச் சீவல் தெறித்துக் காதில் விழுந்திருக்கிறது. அதுவே பரவாயில்லை.

"டாக்டரம்மா, உள்ள வா," என்றார்.

உள்ளே போய் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னார். "பாட்டில நான்தான் குடுத்தேன். அது அப்பறம். மொதல்லருந்து சொன்னது எல்லாமே பொய். அடுப்ப அணைக்கறதில்ல, நான் அணைக்கறேன். சட்ட கலரு, நடைய வெச்சி ஆள சொன்னது, எல்லாம் பொய். மொத நாளு பேர கேட்டியே, வழக்கம்னு சொன்னேனே, அதுவும் பொய். வழக்கம்னா மரத்தயாவது காட்டியிருப்பா. அவ காட்டல. நான் பாத்துகினேதான் இருந்தேன். அப்பறம் ஒரு நாளு என்னையே அண்ணாத்தேன்னு கூப்ட்டு, வேம்புலி வேலைக்குப் போயிருக்காரு, சாயங்காலமா வான்னுட்டா. நான் போயி தெருவுல நின்னேன்."

கவிப்பிரியா கணினியைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"பரீட்சையில அவங்க மார்க் இறங்கிட்டேதான் வந்துச்சு," என்றாள். "நான் பார்த்தேன். ஆனா நீங்க சொன்னதைக் கேட்டுட்டு, இங்க வந்தா பதட்டத்துல சரியாச் செய்யல போலன்னு நினைச்சேன். எனக்கு நம்பணும்னு ஆசை இருந்துச்சு ஐயா." மேசையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து எழுதத் தொடங்கினாள். "போன தடவையே நீங்க சொல்லியிருந்தா, அன்னிக்கே நரம்பு டாக்டர்கிட்ட அனுப்பியிருப்பேன். இவங்களுக்கு இப்ப வேண்டியது ஆராய்ச்சி இல்ல, வைத்தியம்."

"இலை வேலை செய்யலியா?"

"செஞ்சுதா, செய்யலையா, இவங்களுக்குக் கொடுத்தது இலையா பொடியா, எதுவும் எனக்குத் தெரியாது. நீங்க சொன்னது எதையும் இனிமே எடுத்துக்க முடியாது. வேற யாரோ உண்மை சொன்னதுதான் மிஞ்சும்."

ராஜகுமாரி மாதிரி யாரோ என்று அவள் சொல்லவில்லை. வேம்புலிக்குக் கேட்டது.

விதி விதிதான். ஜெயராமனும் வெளியே, சொர்ணமும் வெளியே. கையில் நரம்பு டாக்டருக்கு ஒரு சீட்டு. கூடத்துக்கு வந்து ராஜகுமாரியிடம் சொல்ல வேண்டியதை வேம்புலி சொன்னார். பஸ் ஸ்டாப்பு பொய், கண்டக்டர் பொய்.

"நான் அழுதப்போகூடவா அண்ணா சொல்லத் தோணல?" என்றாள்.

"தோணுச்சும்மா," என்றார் வேம்புலி. அது உண்மை. உண்மை இவ்வளவு கேவலமாக இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

அவள் சொர்ணத்தின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தாள். ஹைவேயில் பூந்தமல்லி ஷேர் ஆட்டோ வந்து நின்றது. ராஜகுமாரி சொர்ணத்தை உள்ளே ஏற்றி, ஜெயராமனை ஏற்றி, தானும் ஏறினாள். ஏற்கெனவே உள்ளே இருந்தவர்கள் நெருக்கி உட்கார்ந்து இடம் விட்டார்கள். வேம்புலிக்கு இடமில்லை. யாரும் நகரவுமில்லை. டிரைவருக்குப் பக்கத்தில் பாதிச் சீட்டில் தொற்றிக்கொண்டார்.

டிரைவர் முகமது ஆசிக் பருத்திப்பட்டுப் பையன்தான். ஏரிக்கரையில் விரால் கதையை இரண்டு தடவை கேட்டவன்.

"இன்னா நைனா, இந்தப் பக்கம்? முட்டி வைத்தியமா?"

"முட்டி இல்லபா. எங்கூட்டம்மாக்கு. மறதி. என்னையே யாருன்னு தெரில."

ஆசிக் ஓரக்கண்ணால் அவர் முகத்தைப் பார்த்தான். அதில் ஒரு சுருக்கமும் அசையவில்லை. அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"செம நைனா! அப்பறம்? பொண்டாட்டிக்கே அடையாளம் தெரில. அப்பறம் இன்னா ஆச்சு, சொல்லு!"

வண்டி லாரிகளுக்கு நடுவே இரைச்சலாகப் போய்க்கொண்டிருந்தது. பின்னால் இருக்கிற எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்றால் கத்தித்தான் சொல்ல வேண்டும். வேம்புலி கம்பியைப் பிடித்துக்கொண்டு, கத்தி, அதையே இன்னொரு தடவை சொன்னார்.